முதல் நாளே அடித்துவைத்த ‘ஏகமனதாக’

முந்தாநாள் வித்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நகராட்சியில் மன்றப் பிரிவு இப்போது அவள் கையில் இருக்கிறது. நகர்மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா தயாரிப்பது, கூட்டம் நடக்கும்போது தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பது, பிறகு மினிட்ஸ் எழுதித் தலைவரிடம் கையெழுத்து வாங்குவது, இவ்வளவும் அந்தப் பிரிவின் வேலை. இருபத்திரண்டு வருடம் நான் தேய்த்த நாற்காலி அது.

“சார், கவுன்சிலருங்க எல்லாரும் போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு லைவ் போடறாங்க சார். ஒருத்தர் பேசறப்பவே இன்னொருத்தர் கேமராவப் பாத்துக் கத்தறாரு. தலைவர் மணி அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு போறாரு. உங்க காலத்துல எல்லாம் எப்படிங்க சார் அமைதியா நடந்துச்சு?”

அமைதியாம்! எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வேலையை விட்டு வந்த பிறகு நமக்கு இப்படி ஒரு நல்ல பெயர் எங்கிருந்துதான் முளைக்கிறதோ! எங்கள் கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைப் பார்த்தவர்கள் அமைதி என்று நினைத்துக்கொண்டார்கள். அவளிடம் அன்றைக்கு நான் சொல்ல முடியாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அதே போனில் அவள் சொன்ன இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் பூர்வீகம் மதுக்கரை. பீளமேட்டில் ஒரு மாடியில் தட்டச்சு படித்தேன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து பிறப்பு இறப்புப் பிரிவு, வரிப் பிரிவு என்று சுற்றினேன். வேகமாகத் தட்டச்சு செய்கிறவன் என்று தெரிந்ததும் பிடித்து மன்றப் பிரிவில் போட்டார்கள். பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, “தலையக் குனிஞ்சுக்கிட்டு எழுதுங்க தம்பி, நிமுந்து பாத்தா வம்பு” என்று சொல்லிப் போய்விட்டார். எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அதுதான்.

ஊர் பெயர் வேண்டாம். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ் ஏறினால் போகலாம், அவ்வளவு போதும். இருபத்து நான்கு கவுன்சிலர்கள். தென்னந்தோப்புக்காரர்கள், நார் மில் வைத்திருப்பவர்கள், லேத் பட்டறைக்காரர்கள், அரிசிக் கடைக்காரர் என்று பலதரப்பட்டவர்கள். எங்கள் பக்கத்துச் சண்டையை வெளியூர்க்காரர் பார்த்தால் குழம்பிப் போவார். ஒருவர் எழுந்து, “உக்காருங்க, உங்க மொகரைக்கட்டையப் பாக்கச் சகிக்கலீங்க!” என்பார். எதிர் வரிசைக்காரர், “நீங்க பண்றது பூரா திருட்டு வேலைங்க! வெக்கம் மானம் இருக்குதுங்களா உங்களுக்கு?” என்பார். முகரைக்கட்டைக்கும் மரியாதை, திருட்டுக்கும் மரியாதை! இதையெல்லாம் மினிட்ஸில் எப்படி எழுதுவது? ‘காரசாரமான விவாதத்துக்குப் பின்’ என்று ஒரு சொற்றொடர் வைத்திருந்தேன். வருடக்கணக்கில் அதை வைத்தே ஓட்டினேன்.

சண்டை எதற்கு வரும் என்றும் சொல்ல வேண்டும். குடிதண்ணீருக்கு வராது, சாக்கடைக்கு வராது. பஸ் நிறுத்த நிழற்குடைப் பலகையில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதற்கு வரும். கத்திக் களைத்ததும் யாராவது ஒருவர் “ஆல் பாஸ்!” என்பார். உடனே எல்லாரும் மேஜையைத் தட்டுவார்கள். ஆல் பாஸ் என்றால் அஜெண்டாவில் இருக்கும் நாற்பது ஐம்பது பொருள்களும் ஒரே தட்டில் நிறைவேறிவிட்டன என்று அர்த்தம். ஒன்றைக்கூட வாசித்திருக்க மாட்டோம். பிறகு பின்னால் இருக்கும் கொட்டகையில் பிரியாணி.

இது தெரிந்த விஷயம்தானே என்று நான் என்ன செய்வேன் தெரியுமா? கூட்டத்துக்கு முதல் நாளே மினிட்ஸை டைப் அடித்து முடித்துவிடுவேன். பொருள் எண், அதற்குக் கீழே ‘விவாதிக்கப்பட்டு ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’. கடைசிப் பக்கத்தில் ‘கூட்டம் பிற்பகல் 12.30 மணிக்கு நிறைவுற்றது’. பதினொன்றுக்குத் தொடங்கும் கூட்டம் பதினொன்றரைக்கே கலைந்து போய்விடும். ஆனாலும் ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள் என்று காகிதத்தில் இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் அல்லவா? கம்ப்யூட்டர் வந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. போன மாதத்து ஃபைலை எடுத்துப் பொருளை மட்டும் மாற்றினால் போதும். ஆணையாளர்கள் மாறி மாறி வந்தார்கள், ஒருவரும் கேட்டதில்லை. என் சுறுசுறுப்பைப் பாராட்டியவர்கள்தான் உண்டு.

அப்போதுதான் தெய்வானை அம்மா தலைவராக வந்தார்.

பெண்களுக்கான ஒதுக்கீட்டில் தலைவர் பதவி வந்தபோது, கிணத்துக்கடவுப் பக்கம் பெரிய தோப்புக்காரக் குடும்பத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்ட அவரை நிறுத்தினார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன், மறைப்பானேன்! வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, “நடராஜு, கூட்டத்துல எனக்கு என்ன என்ன அதிகாரமிருக்குதுன்னு ஒரே பக்கத்துல தமிழ்ல எழுதித் தாங்க. ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம், நான் படிக்க மாட்டேன்” என்றார். எழுதிக் கொடுத்தேன். ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

“நான் எந்திரிச்சு நின்னா, பேசிக்கிட்டிருக்கறவங்க எல்லாம் உக்காந்தே ஆகோணுமா? நெசமாவா?”

“ஆமாங்கம்மா. விதி அப்படித்தானுங்க.”

“அது கடைசிக்கு இருக்கட்டும். எனக்கு முட்டி ஒத்துக்காது.”

இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தன அவருக்கு. உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு நிமிடம் ஆகும். மேஜையைப் பிடித்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுவார். அதனால் கூட்டத்தை அடக்க வேறு ஒரு வழி வைத்திருந்தார். யாராவது தொண்டை கிழியக் கத்தினால் மணியை அடிக்க மாட்டார். அலுவலக உதவியாளர் மயில்சாமியைப் பார்ப்பார். மயில்சாமி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய்க் கத்துகிறவர் முன்னால் நீட்டுவார்.

“ஏனுங்க, தண்ணி குடிங்க. குடிச்சுபோட்டு அப்பறம் திட்டுங்க. நாங்க எங்கியும் போகல, இங்கியேதான் இருக்கறோம்” என்பார் தலைவரம்மா.

எங்கள் ஊரில் நீட்டிய தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. வீட்டுக்கு வந்த ஆளுக்கு முதலில் தண்ணீர்தான். வாங்காவிட்டால் பகை என்று அர்த்தம். எப்பேர்ப்பட்ட ஆளும் முறைத்துக்கொண்டே வாங்கிக் குடிப்பார். குடித்துக்கொண்டே கத்த முடியாது அல்லவா? டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கோபத்தில் பாதி இறங்கியிருக்கும். ஏழாம் வார்டு துரைசாமி ஒரே கூட்டத்தில் ஐந்து டம்ளர் குடித்துவிட்டு நடுவில் வெளிநடப்பு செய்தார். எதற்கு வெளிநடப்பு என்று நான் எழுதவில்லை.

ஆனால் தலைவரம்மாவாலும் ஆல் பாஸை நிறுத்த முடியவில்லை. கத்தலைத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம், சோம்பேறித்தனத்தை எதை ஊற்றி அணைப்பது? எல்லாரும் ஒன்றாக மேஜையைத் தட்டும்போது அவர் தனியாக என்ன செய்வார்?

இனி அந்தக் கூட்டம்.

அஜெண்டாவில் பொருள் எண் முப்பத்து நான்கு, பழைய கல்லுக்குழியில் நகராட்சிக் குப்பைக் கிடங்கு அமைப்பது. பொறியியல் பிரிவிலிருந்து வந்த குறிப்பில் ‘குடியிருப்பு இல்லாத பகுதி’ என்று இருந்தது. அப்படியே அடித்தேன். எனக்கு அந்த இடம் தெரியாதா? நன்றாகவே தெரியும். கல்லுக்குழியை ஒட்டித்தான் பதினோராம் வார்டுக் காலனி. குழிக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி, அவ்வளவுதான். வந்த குறிப்பை அடிப்பதுதானே என் வேலை என்று அடித்தேன். எத்தனை பாவத்துக்கு இந்த ஒரு வாக்கியம் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறது!

பதினோராம் வார்டு கவுன்சிலர் சரசு. நார் மில்லில் கூலி வேலை. கூட்டத்துக்கு வந்தால் அன்றைய வேலை போய்விடும், ஆனாலும் தவறாமல் வருவார். கடைசி வரிசையில் ஓர நாற்காலி. அதுவரை ஒரு கூட்டத்தில்கூட வாய் திறந்து பேசியதில்லை. மூன்று நாளைக்கு முன்பே கொடுக்க வேண்டிய அஜெண்டா முதல் நாள் சாயங்காலம்தான் அவர் கைக்குப் போயிருக்கிறது. அதற்கும் நான்தான் காரணம். இரவெல்லாம் தூங்காமல், மகளை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

அன்றைக்கும் நிழற்குடைப் பலகைதான். துரைசாமி எழுந்து கத்த, அந்தப் பக்கத்தார் எழுந்து கத்த, மயில்சாமி டம்ளரும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தார். நான் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். எதற்கோ ஒரு தடவை நிமிர்ந்தேன். கடைசி வரிசையில் சரசு எழுந்து நின்று கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். மறு கையில் அஜெண்டாத் தாள். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. நேராக என்னைத்தான் பார்த்தார். தலைவரிடம் சொல்லுங்கள் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. தலைவரம்மா அப்போது துரைசாமி பக்கம் திரும்பியிருந்தார். நான் பேனாவால் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மினிட்ஸ் பதினெட்டுப் பக்கம் அடித்து, பிரிண்ட் எடுத்துத் தைத்து வைத்திருந்தேன். முப்பத்து நான்காவது பொருளில் ஒரு வரி மாறினால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு மூன்று மணிக்குச் சூலூரில் ஒரு நிச்சயதார்த்தம். இதற்காகத்தான். ஒரு காலனி முழுக்கக் குப்பைக்குப் பக்கத்தில் கிடந்தாலும் பரவாயில்லை, நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகக்கூடாது!

“ஆல் பாஸ்!” என்றார் துரைசாமி. மேஜைகள் அதிர்ந்தன. பிரியாணி வாசம் ஏற்கெனவே ஹாலுக்குள் வந்திருந்தது. இரண்டு நிமிடத்தில் ஹால் காலி.

தலைவரம்மா மட்டும் நாற்காலியில் இருந்தார். முட்டிதான் காரணம், எழுந்திருக்க நேரமாகும். நான் மினிட்ஸை அவர் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினேன். அவர் பேனாவை வாங்காமல் ஹாலைப் பார்த்தார். காலியான நாற்காலிகளுக்குப் பின்னால் சரசு இன்னும் நின்றுகொண்டிருந்தார். கை பாதி இறங்கியிருந்தது.

“முப்பத்திநாலு ஏகமனதாவா நடராஜு?”

“ஆமாங்கம்மா.”

“அப்ப அந்த அம்மணி எதுக்கு நிக்கறாங்க?”

நான் நீட்டிய பேனாவை மூடினேன்.

“அவங்க கை தூக்குனத நீங்க பாத்தீங்களா?”

“பாத்தனுங்கம்மா.”

“எப்ப?”

“எல்லாரும் கத்திக்கிட்டிருந்தப்பவே பாத்தனுங்க.”

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பதினெட்டுப் பக்கத்தையும் எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். “இதைக் கிழிச்சுப்போட்டு வெறுந்தாள் எடுத்துட்டு வாங்க” என்றார். பிறகு மணியை எடுத்து அடித்தார். அந்த மணியை அவர் அடித்து அன்றைக்குத்தான் கேட்டேன். நிறுத்தவே இல்லை.

கொட்டகையிலிருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். சிலர் கையில் சோறு அப்படியே ஒட்டியிருந்தது. துரைசாமி வாயை மென்றுகொண்டே வந்தார்.

“என்னங்கம்மா இது? கூட்டம்தான் முடிஞ்சு போச்சுங்களே!”

“நான் முடிஞ்சுதுன்னு சொன்னனா? நடராஜு, சொன்னனா?”

“இல்லீங்கம்மா” என்றேன்.

உண்மைதான். கூட்டம் நிறைவுற்றது என்று தலைவர் வாயால் சொன்னால்தான் கூட்டம் முடியும். வருடக்கணக்காக ஆல் பாஸ் என்றதும் எழுந்து ஓடிப் பழகியதில் அந்த விதி ஒருவருக்கும் ஞாபகமில்லை. என் காகிதத்தில் பன்னிரண்டரைக்கு முடிந்துவிட்ட கூட்டம், சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பதுக்கு நடந்துகொண்டிருந்தது.

“பொருள் முப்பத்திநாலு. பதினோராம் வார்டு உறுப்பினர் பேசுவாங்க” என்றார் தலைவரம்மா. உடனே நாலு பேர் கத்த ஆரம்பித்தார்கள். அவர் மேஜையைப் பிடித்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார். எழுந்து நின்றார். நான் எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கத்தை எடுத்து, விரலை வைத்து, “நான் நின்னா நீங்க உக்காரோணும்” என்றார். ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். துரைசாமி கடைசியாக உட்கார்ந்தார், எச்சில் கையை மடியில் மறைத்துக்கொண்டு.

சரசுவால் பேச முடியவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்தது. மயில்சாமி டம்ளரைத் தேடினார், எல்லாம் கொட்டகைக்குப் போயிருந்தன. தலைவரம்மா வீட்டிலிருந்து தினமும் கொண்டுவரும் எவர்சில்வர் சொம்பு ஒன்று அவர் மேஜையில் இருக்கும். அதை எடுத்து மயில்சாமி கையில் கொடுத்து அனுப்பினார். சரசு வாங்கத் தயங்கினார். “குடிங்க அம்மணி” என்றார் தலைவரம்மா. சரசு அண்ணாந்து குடிக்கப் போனார். “வாய் வெச்சே குடிங்க, பொரையேறிக்கும்” என்றார். சரசு குடித்துக் கொடுத்த சொம்பு திரும்பி வந்ததும், தலைவரம்மா எல்லாரும் பார்க்க அதே சொம்பில் வாய் வைத்துக் குடித்தார். எங்கள் ஊர் டீக்கடைகளின் இரட்டை டம்ளர் கதை தெரிந்தவர்களுக்கு அந்த ஹால் ஏன் அப்படி அடங்கிப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“‘குடியிருப்பு இல்லாத பகுதி’ன்னு போட்டிருக்குதுங்க” என்று தொடங்கினார் சரசு. “நூத்திப்பத்து ஊடு இருக்குதுங்க. எங்க கெணறு அந்தக் குழிக்கு நாப்பது அடியில இருக்குதுங்க. ஆனி ஆடியில காத்து மேக்கால இருந்து வாரப்ப, குழியில இருக்கறது பூராவும் எங்க சோத்துலதானுங்க வந்து உழுகும். உங்க கையில சோறு இருக்குதுங்க இப்ப. அதைக் கொண்டாந்து அந்த எடத்துல உக்காந்து ஒரு வாய் உண்ண முடியுமான்னு சொல்லுங்க. முடியும்னா கொட்டிக்கங்க. எங்களயும் மனுசன்னு எழுதுங்கன்னுதானுங்க கேக்கறேன்.”

பேசி முடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. நடுவில் இரண்டு தடவை நிறுத்தித் தொடர்ந்தார். அவ்வளவு நேரமும் தலைவரம்மா உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் இவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“ஆல் பாஸ் கெடையாது. நடராஜு ஒவ்வொருத்தர் பேராக் கூப்புடுவாரு. ஆதரவா எதிர்ப்பான்னு வாயத் தொறந்து சொல்லுங்க. அவர் பேர் போட்டு எழுதுவாரு” என்றார்.

பெயர் கூப்பிடக் கூப்பிட நான் பார்த்த முகங்களை மறக்க முடியாது. மேஜையைத் தட்டும்போது இருந்த வீரம் ஒருவரிடமும் இல்லை. கும்பலோடு தட்டிய கைக்கு, தன் பெயருக்கு எதிரே ‘ஆதரவு’ என்று எழுதுவது பாரமாகிவிட்டது. மூன்று பேர் ஏற்கெனவே வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஒருவர் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு பதினொன்று. துரைசாமி என்ன சொன்னார் தெரியுமா? கொஞ்ச நேரம் கையில் காய்ந்த சோற்றைப் பார்த்துவிட்டு, “எதிர்ப்புன்னே போட்டுக்கங்க. அடுத்த பேரக் கூப்புடுங்க, கை காயுது” என்றார். பொருள் முப்பத்து நான்கு தோற்றது. ‘கூட்டம் நிறைவுற்றது’ என்று தலைவரம்மா வாயால் சொன்னார். சரியான நேரம் போட்டு எழுதினேன். மயில்சாமியும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கித்தான் அவரைக் காருக்குக் கொண்டுபோனோம். நிச்சயதார்த்தத்துக்கு நான் போகவில்லை.

இதோடு முடித்தால் நான் திருந்திய கதையாகிவிடும். அதுதான் இல்லை. தலைவரம்மா இருந்தவரை வெறுந்தாளோடு போனேன். அவர் பதவிக்காலம் முடிந்தது. பிறகு சில வருடம் மன்றமே இல்லாமல் அதிகாரிகள் நடத்தினார்கள். அப்புறம் புது மன்றம், புது முகங்கள், அதே ஆல் பாஸ். எனக்கும் ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. யாருக்காக இனிமேல் மல்லுக்கட்டுவது என்று மறுபடியும் முதல் நாளே அடித்து வைக்க ஆரம்பித்தேன். போகும்போது வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அதை ஒரு ஃபார்மேட்டாகக் கம்ப்யூட்டரில் போட்டும் வைத்துவிட்டு வந்தேன். உதவியாம், உதவி!

வித்யா போனில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். “கூட்டத்துல எவ்வளவு கத்தினாலும் மினிட்ஸுக்குக் கவலையில்லீங்க சார். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நேத்தே ரெடி பண்ணிட்டேன். எல்லாத்துக்கும் ‘ஏகமனதாக’ன்னு உங்க ஃபார்மேட்லயே வந்துடுதுங்களே” என்று சிரித்தாள். அஜெண்டாவில் என்னென்ன இருக்கிறது என்று சும்மாதான் கேட்டேன். வாசித்துக்கொண்டே வந்தாள். நாற்பத்தொன்றாவது பொருள், பழைய கல்லுக்குழியில் குப்பைக் கிடங்கு. ‘குடியிருப்பு இல்லாத பகுதி.’

“அந்த வரி யாரு எழுதுனது கண்ணு?”

“பழைய ஃபைல்லயே இருந்துச்சுங்க சார். அப்படியே எடுத்துக்கிட்டேன்.”

தோற்ற தீர்மானத்தை எழுதினேன், பேரெல்லாம் எழுதினேன், நேரம்கூடச் சரியாக எழுதினேன். ஆனால் அந்தக் குறிப்பில் இருந்த அந்த ஒரு வரியை அடித்துத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது அப்படியே ஃபைலில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

“ஏகமனதாகங்கறத எடுத்துடு கண்ணு.”

“எடுத்துட்டு என்னங்க சார் போடறது?”

“ஒண்ணும் போடாத. காலியா விடு. கூட்டம் முடிஞ்சு எழுது.”

“கமிஷனர் கேப்பாருங்களே சார்.”

“கேக்கட்டும். என் பேரச் சொல்லு.”

அன்று சாயங்காலமே சரசுவைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். இப்போது அவர் கவுன்சிலர் இல்லை, மறுபடி நார் மில்லில்தான் இருக்கிறார். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

“அன்னைக்கு நான் அவ்வளவு பேசுனனுங்களே சார். எங்களுக்கு ஊடு இருக்குதுன்னு நீங்க எழுதவே இல்லீங்களா?”

“இல்லீங்கம்மா. எழுதல. என் தப்புதான்.”

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“பார்வையாளரு வந்து பாக்கலாமுங்களா சார் கூட்டத்த?”

“பாக்கலாமுங்க. பேசத்தான் கூடாது.”

“பேச வேண்டாமுங்க. ஊட்டுக்கு ஒரு ஆளுன்னு நூத்திப்பத்துப் பேர் வந்து நிக்கறமுங்க. எண்ணி எழுதிக்கட்டும்.”

பார்வையாளர் பெஞ்சில் பத்துப் பேர்தான் உட்காரலாம். அதை நான் சரசுவிடம் சொல்லவில்லை, வித்யாவிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் உக்கடத்தில் முதல் பஸ் பிடித்துவிட வேண்டும். நூற்றுப் பதினொன்றாவது ஆளாக நானும் நிற்கப் போகிறேன்.